உயிரணுவின் சுவடிச்சாலை

 

ஆண்டு விழா மலரில் இலக்கியச் சுவையைப் பற்றியும் மன்னர் வரலாற்றைப் பற்றியும் எழுதுவதே நம் வழக்கம். இம்முறை அவ்வழக்கத்திலிருந்து சற்றே விலகி, அறிவியல் வரலாறு ஒன்றைச் சொல்ல முற்படுகின்றோம். தமிழ் மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். கட்டுரையின் இறுதியில் தமிழின் வாயிலுக்கே வந்து நிற்போம் என்பதை முன்னரே உறுதியாகக் கூறி வைக்கின்றோம். இடையில் உள்ள வழி சற்று நீண்டது. ஆயினும் கடல் கடந்து வந்த நமக்கு நெடுவழி புதிதன்று.

நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நம் தலைநகருக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், நாம் அவர்களை முதலில் எங்கே அழைத்துச் செல்கின்றோம்? செல்லுலார் சிறைக்கன்றோ? 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த அச்சிறை, நடுவில் ஒரு கோபுரமும் அதனைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரங்கள்போல ஏழு கிளைகளும் கொண்டிருந்தது. இன்று எஞ்சி நிற்பவை மூன்று கிளைகளே. ஆளுக்கு ஓர் அறையாகத் தனித்தனிச் சிற்றறைகளால் ஆனது ஆதலின் அதற்கு அப்பெயர் வந்தது.

அதே சொல்லை அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேறோர் இடத்தில் ஓர் அறிஞர் ஆண்டார். 1665-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட்டு ஊக் என்பவர் தக்கைத் துண்டு ஒன்றை மெல்லிதாகச் சீவி உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். அடுக்கடுக்காகச் சிறு சிறு அறைகள் தென்பட்டன. அவற்றுக்குச் ‘செல்’ என்று பெயரிட்டார். இன்று நாம் உயிரணு என்று வழங்குவது அதனையே. ஊக் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள். உயிருள்ள உடலில் அவ்வறைகள் வெறுமையாய் இருப்பதில்லை. ஒவ்வோர் அறையினுள்ளும் ஒரு சுவடிச்சாலை இருக்கின்றது. சுவடியைப் படியெடுப்பவன் இருக்கின்றான். படித்துப் பொருள் செய்பவன் இருக்கின்றான். தமிழில் ‘செல்’ என்பது ஏட்டை அரிக்கும் கறையானின் பெயர். அறிவியலார் கண்ட செல்லோ ஏட்டைக் காப்பது! அந்தச் சுவடியை மனிதன் கண்டுபிடித்துப் படித்த வரலாறும், அவ்வரலாற்றில் நம் அந்தமான் தீவுகள் பெற்ற இடமுமே இக்கட்டுரையின் பொருள்.

சுவடி கிடைத்த கதை

தாயின் சாயலும் தந்தையின் குரலும் பிள்ளைக்கு வருவதை மாந்தர் என்றும் அறிவர். எவ்வாறு வருகின்றது என்பதையே அறியாதிருந்தனர். 1866-இல் கிரிகர் மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளைப் பல தலைமுறை வளர்த்துக் கணக்கிட்டு, பண்புகள் தனித்தனிக் கூறுகளாக வழிவழி இறங்குகின்றன என்று எழுதினார். அவர் வாழ்நாளில் உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1869-இல், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பிரீட்ரிக் மீஷர் என்னும் இளைஞர், மருத்துவமனையில் கழித்தெறிந்த கட்டுத்துணிகளில் படிந்திருந்த சீழிலிருந்து உயிரணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் ஒரு புதுப்பொருளைக் கண்டார். அதுவே பின்னர் டி.என்.ஏ. எனப்பட்டது. சீழ்த்துணியில் கிடைத்த அப்பொருளே மக்கட்குலத்தின் மூலச்சுவடி என்று அன்று எவரும் கனவிலும் கருதவில்லை. புரதங்களே பரம்பரைப் பண்பைச் சுமப்பவை என்று அறிஞர் பலரும் நெடுங்காலம் எண்ணினர். 1944-இல் நியூயார்க்கில் ஆஸ்வால்டு ஏவரியும் அவருடைய துணைவர் இருவரும், ஒருவகை நுண்ணுயிரின் பண்பை மற்றொன்றுக்கு மாற்றுவது டி.என்.ஏ.வே என்று காட்டினர். அதன் பின்னரே அறிஞர் கண்கள் அப்பக்கம் திரும்பின.

அதன் வடிவத்தை அறிந்த கதை பலரும் கேட்டதே. இலண்டனில் ரோசலிண்டு பிராங்களின் என்னும் பெண்மணியின் ஆய்வுக்கூடத்தில் 1952-இல் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் அவ்வடிவத்துக்குத் திறவுகோலாயிற்று. 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் வாட்சனும் கிரிக்கும் அதன் இரட்டைச் சுருள் வடிவை வெளியிட்டனர். 1962-இல் அவ்விருவரும் வில்கின்சும் நோபல் பரிசு பெற்றபோது பிராங்களின் உயிரோடு இல்லை, 1958-இலேயே மறைந்துவிட்டார். புகழ் பகிரும் பந்தியில் இலை கிடைக்காமற் போனவர்களையும் நினைப்பதே வரலாறு எழுதுவோர் கடமையாகும்.

அச்சுருளின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். முறுக்கிய நூலேணி ஒன்றை எண்ணிக்கொள்க. அதன் படிகள் நான்கு எழுத்துகளால் ஆனவை: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். நம் மொழிக்கு 247 எழுத்து வேண்டியிருக்க, உயிரின் மொழிக்கு நான்கே போதுமாயின! இந்நான்கிலும் அடினின் எப்போதும் தைமினோடும், குவானின் எப்போதும் சைட்டோசினோடும் இணையும். இவ்வொரு விதியிலேயே பெரும் மறை அடங்கியிருக்கின்றது. ஏணியை நடுவே பிளந்தால், ஒரு பாதியைக் கொண்டே மறுபாதியைப் பிழையின்றி எழுதிவிடலாம். ஓர் உயிரணு இரண்டாகும்போது இவ்வாறே சுவடியும் இரண்டாகின்றது. மனித உயிரணு ஒன்றில் தாய் தந்த சுவடி ஒன்றும் தந்தை தந்த சுவடி ஒன்றும் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஒரே உயிரணுவின் நூலை நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் அளவு இருக்கும்.

படியெடுத்தலும் பொருள் செய்தலும்

சுவடி இருந்தால் மட்டும் போதுமா? பெட்டியில் பூட்டிய ஏடு எவருக்குப் பயன்? உடலில் வேலை செய்வன புரதங்களே. குருதியில் உயிர்வளியைச் சுமப்பது ஒரு புரதம். உண்ட சோற்றைச் செரிக்கச் செய்வன சில புரதங்கள். தசையை இயக்குவன சில. இருபது வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை போன்றது புரதம். எந்த மணிக்குப் பின் எந்த மணி என்னும் கட்டளையே சுவடியில் எழுதப்பட்டிருக்கின்றது.

நிலம் வாங்கினோர் அறிவர்: மூலப் பதிவேடு பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வாராது, வேண்டுவோர்க்கு நகல் மட்டுமே கிட்டும். உயிரணுவிலும் அதுவே முறை. மூலச்சுவடி உட்கருவை விட்டு நீங்குவதில்லை. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதப்படுகின்றது. அந்நகலில் தைமினுக்கு மாறாக யுராசில் என்னும் எழுத்து வரும். தூது செல்லும் இந்நகலை அறிஞர் 1961-இல் இனங்கண்டனர்.

நகலில் மற்றொரு வியப்பும் உண்டு. நம் பழைய நூல்களில் பிற்காலத்தார் நுழைத்த பாடல்களை இடைச்செருகல் என்று கூறிப் பதிப்பாசிரியர் நீக்குவர் அன்றோ? மூலச்சுவடியிலும் புரதத்துக்கு வேண்டாத இடைப்பகுதிகள் மிகப் பல. நகல் வெளியே புறப்படுமுன் உயிரணுவே அவற்றை வெட்டி நீக்கி, வேண்டிய பகுதிகளை ஒட்டிவிடுகின்றது. 1977-இல் இதனைக் கண்டபோது அறிஞர் உலகம் திகைத்தது.

திருத்திய நகல் ரைபோசோம் என்னும் தொழிற்சாலையை அடைகின்றது. அங்கே எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுகின்றன. நான்கு எழுத்துகளை மும்மூன்றாக அடுக்கினால் 64 சொற்கள் வரும். அவற்றுள் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிப்பன. மூன்று சொற்கள் ‘இங்கே நிறுத்துக’ என்னும் முற்றுப்புள்ளிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மணியை ஏந்திக்கொண்டு சிற்றேவலர் போன்ற சிறு ஆர்.என்.ஏ.க்கள் வரிசையில் வருகின்றன. சொல் பொருந்தினால் மணியைக் கோத்துவிட்டு அகல்கின்றன. நுண்ணுயிர்களில் நொடிக்கு இருபது மணி அளவில் இக்கோவை நடைபெறுகின்றது. நம் வீட்டுப் பெண்கள் விழாவுக்கு மல்லிகை தொடுக்கும் விரைவைப் புகழ்வோம், இவ்விரைவை என்னென்பது!

இச்சொற்களின் பொருளைக் கண்டவர் யார்? இங்கேதான் நம் நாட்டின் பெயர் வருகின்றது. 1961-இல் அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும், யுராசிலை மட்டும் தொடராகக் கோத்த ஆர்.என்.ஏ.யைக் கொடுத்தபோது ஒரே வகை அமினோ அமிலத்தாலான மாலை கிடைத்தது. முதற்சொல்லின் பொருள் விளங்கிற்று. எஞ்சிய சொற்களின் பொருளைக் காண்பதில் பெரும்பங்கு கொண்டவர் ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் நம் ஊர்க் கணக்குப்பிள்ளையைப் போன்ற ‘பட்வாரி’. நூறு பேர் வாழ்ந்த அச்சிற்றூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் அவர் குடும்பம் ஒன்றே என்பர். எழுத்தறிந்த அவ்வொரு வீட்டுப் பிள்ளை உயிரின் எழுத்தையே கற்று உலகுக்கு உரைத்தார். 1968-இல் நிரன்பர்க்கு, ஹாலி ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கோத்த மாலை அப்படியே கிடப்பதில்லை. மடிந்தும் சுருண்டும் தனக்குரிய வடிவை எடுத்த பின்னரே வேலை செய்யும். அவ்வடிவின் இலக்கணத்தை வகுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாசென் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று, அருகிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரின் உதவியோடு ஆய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் 1954-இல் வெளியிட்டார். 1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்னும் மாணவருடன் அவர் வரைந்த வரைபடம் ‘இராமச்சந்திரன் படம்’ என்றே இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் விளங்குகின்றது. புரதத்தின் வடிவைக் கண்டோம் என்று எவர் அறிவித்தாலும், அவ்வடிவு சரியா என்பதை இன்றும் அப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. கிட்டாமையால் குறைந்தது பரிசே அன்றி அவர் பெருமை அன்று.

ரைபோசோம் என்னும் தொழிற்சாலையின் நுண்ணமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் வளர்ந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆய்வு செய்தவர். 2009-இல் ஸ்டைட்ஸ், யோனத் ஆகிய இருவருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, சுவடியின் சொற்பொருள், படிக்கும் பொறி, படித்தபின் எழும் வடிவம் ஆகிய மூன்றிலும் நம் நாட்டவரின் கைவண்ணம் உண்டு என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஓரெழுத்துப் பிழை

ஏடெழுதுவோன் கை சில வேளைகளில் பிழைக்கும். ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ‘களை’ என்பது ‘கலை’ ஆனால் வயலில் பிடுங்குவதா, மேடையில் ஏற்றுவதா?

குருதியின் சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமக்கும் புரதத்தில் 146 மணிகள் கொண்ட இழை ஒன்று உண்டு. அதன் ஆறாம் மணிக்குரிய சொல்லில் ஓரெழுத்து மாறினால் வேறு மணி கோக்கப்படுகின்றது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அப்பிழையைப் பெற்றவரின் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, தாங்கொணா வலியைத் தருகின்றன. இந்தியாவில் இக்குறையை முதன்முதல் 1952-இல் கண்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே ஆகும். ஒரு புறத்திலிருந்து மட்டும் பெற்றவர்களோ பெரும்பாலும் நலமாகவே வாழ்வர். மலேரியாவும் அவர்களைக் கடுமையாகத் தாக்குவதில்லை. குறை என்று நாம் கருதுவது ஓரிடத்தில் காவலாகவும் நின்றது. ஆதலின் இக்குறையுடையோரை இழிவாகக் கருதுவது அறியாமை.

இன்னொரு பிழை நம் வீட்டு வாயிலுக்கு நெருங்கியது. நடுத்தர வயதில் நெஞ்சு தளர்ந்து மறைந்தவர்களை நம் குடும்பங்கள் பலவும் கண்டுள்ளன. 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துத் தண்டபாணியும், ஐதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்துத் தங்கராஜும், பிற அறிஞரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். இதயத் தசைக்குரிய புரதம் ஒன்றின் சுவடியில், இடைச்செருகல் பகுதியில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் இந்தியத் துணைக்கண்ட மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது. விடுபட்டது இடைச்செருகலில்தானே, இதனால் என்ன தீங்கு என்று தோன்றும். வெட்டி ஒட்டும் வேலைக்குரிய அடையாளம் அங்கே குலைகின்றது. அதனால் இடைச்செருகலோடு மூலப்பகுதி ஒன்றும் சேர்ந்து நீங்குகின்றது. பிழைபட்ட புரதம் இதயத் தசையை நாளடைவில் தளரச் செய்கின்றது. உடையவர் அனைவரும் நோயுறுவர் என்பதன்று. நோயுறும் வாய்ப்பு மிகுதி. குடும்பத்தில் இளவயதில் இதய நோயால் மறைந்தோர் இருப்பின், மற்றவர்கள் ஊழ் என்று வாளாவிராது மருத்துவரிடம் நெஞ்சைக் காட்டுவது நன்று.

அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளையது. நெருங்கிய உறவினர் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருக்கும் வாய்ப்பு மிகுதி. அத்தகையோர் மணந்தால் பிள்ளைக்கு இருபுறமும் அப்பிழை சேரக்கூடும். அதனை எண்ணிப் பார்ப்பது வழக்கத்தைப் பழிப்பதாகாது, பிள்ளைகளைக் காப்பதாகும்.

தீவுகள் சொன்ன செய்தி

இனி நம் தீவுகளுக்கு வருவோம். 1858-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். 1877-இல் தட்டம்மை பரவிப் பெரிய அந்தமானியரிடையே பேரழிவு விளைத்தது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராக இருந்த அம்மக்கள் 1961-இல் 19 பேராயினர். ஒங்கேயரோ 672-இலிருந்து 129-ஆகச் சுருங்கினர். போரில் மடிந்தோரினும் வந்தேறியோர் கொணர்ந்த நோயால் மடிந்தோரே மிகுதி. மக்கள் மறைந்துகொண்டிருக்கையிலேயே, அயலவர் அவர்களின் தலையை அளந்தனர்; படம் பிடித்தனர்; எலும்பையும் மயிரையும் கடல் கடந்த கண்காட்சிச் சாலைகளுக்கு அனுப்பினர். இவர்கள் எங்கிருந்து வந்தனர் என்னும் வினாவுக்கு மண்டையோட்டின் அளவில் விடை தேடிய காலம் அது. விடை கிடைக்கவில்லை. விடை மண்டையோட்டின் புறத்தில் இல்லை. உயிரணுவின் அகத்தில் இருந்தது.

உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே இழைமணி என்னும் சிற்றுறுப்புகள் உள்ளன. அவை உணவிலிருந்து ஆற்றலை எடுத்துத் தருவன. அவற்றுக்கெனத் தனிச்சுவடி ஒன்று உண்டு. மிகச் சிறியது, 16,569 எழுத்துகளே கொண்டது, 13 புரதங்களுக்கு மட்டுமே கட்டளை தருவது. அதன் சொற்பொருளும் சில இடங்களில் வேறுபடும்: உட்கருவின் மொழியில் முற்றுப்புள்ளியாகிய ஒரு சொல், இங்கே அமினோ அமிலம் ஒன்றைக் குறிக்கும். ஒரே தமிழ் நெல்லையில் ஒரு பொருளும் கோவையில் ஒரு பொருளும் தருவதைப் போன்றது இது. இச்சிறு சுவடியைத் தாயே பிள்ளைகளுக்குத் தருகின்றாள். மகன் பெறுவான், தன் மக்களுக்குத் தரமாட்டான், மகளே தருவாள். தாய், தாயின் தாய், அவளுக்குத் தாய் என்று ஆயிரம் தலைமுறை கடந்தும் பின்னோக்கிச் செல்ல வழிகாட்டும் சுவடி அது.

அதில் காலந்தோறும் சிறு சிறு எழுத்து மாற்றங்கள் தோன்றும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த திறத்தை நாம் அறிவோம். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதியவை என்று கொள்வது சுவடி ஆய்வோர் முறை. அதே முறையால் மாந்தரின் வழிமுறையையும் அறியலாம்.

ஐதராபாத் மையத்தின் இலால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் அவர்தம் துணைவரும் இப்பணியை நம் தீவுகளில் மேற்கொண்டனர். 2003-இல் வெளிவந்த அவர்கள் ஆய்வில் ஒரு வியப்பு உண்டு. 1906 முதல் 1908 வரை இங்கே தங்கிய இராட்கிளிப் பிரவுன் என்னும் மானிடவியலார் எடுத்துச் சென்று கேம்பிரிட்ஜில் வைத்திருந்த அந்தமானியரின் தலைமயிரிலிருந்தும் சுவடிப் பகுதிகள் படிக்கப்பட்டன. நூறாண்டுக்கு முன் மறைந்தவர்கள் தம் கூந்தலிழையால் பேசினர்! 2005-ஆம் ஆண்டு மே மாதம், ஆழிப்பேரலை நம் தீவுகளைப் புரட்டிப் போட்டு ஐந்து திங்கள்கூட நிறையாத வேளையில், அடுத்த ஆய்வு வெளிவந்தது. ஒங்கேயர் ஐவர், பெரிய அந்தமானியர் ஐவர், நிக்கோபாரியர் ஐவர் ஆகியோரின் முழு இழைமணிச் சுவடிகளும் அதில் படிக்கப்பட்டன.

விடை இதுவே. அந்தமானியரின் தாய்வழி, ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்ட ஆதி மாந்தரின் பெருமரத்தில் மிகப் பழமையாகப் பிரிந்த இரண்டு கிளைகள். நிக்கோபாரியரோ தென்கிழக்காசிய மக்களுக்கு நெருங்கியவர். ஒரே ஆட்சிப் பகுதியில் அடுத்தடுத்து வாழும் இரு மக்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியாக வந்தவர்கள். அந்தமானியர் இத்தீவுகளை அடைந்த காலம் எது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அவ்விரு கிளைகளுள் ஒன்றின் உறவு கிழக்கிந்திய மக்களிடமும் உண்டு என்று 2006-இல் சிலர் காட்டினர். ஆதலின் அவர்கள் வருகை அத்துணைப் பழமையானதன்று என்பாரும் உளர். அவர்களின் கிளை மிகத் தொன்மையது என்பதில் ஐயமில்லை.

நம்மை நேரே தொடும் செய்தி 2009-இல் வந்தது. அதே ஐதராபாத் அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும், இந்திய மக்கட்குழுக்கள் 25-இலிருந்து 132 பேரின் உட்கருச் சுவடியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டனர். இந்தியர் பெரும்பாலோர் இரண்டு பழங்கால முன்னோர் வழிகளின் கலப்பு என்று கண்டனர். அவற்றுள் தென்னிந்தியரிடம் மிகுதியாகக் காணப்படும் வழிக்கு, தொலைவான உறவுடையவராக இன்று வாழ்பவர் அந்தமான் மக்களே! நெருங்கிய உறவன்று, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த கிளை. ஆயினும் உறவு உறவே. பர்மாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் கப்பலேறியும், இலங்கைத் தோட்டங்களிலிருந்து மீண்டு கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறியும், இம்மண்ணுக்கு வந்த நாம், அயலார் நாட்டுக்கு வந்ததாக எண்ணினோம். உண்மையில் மறந்துபோன உறவினர் வீட்டுக்கே விருந்தாக வந்திருக்கின்றோம்.

விருந்தினர் கடமை

விருந்தாக வந்தவர் வீட்டாரை எவ்வாறு நடத்த வேண்டும்? நம்முள் சிலர் அம்மக்களைக் ‘காட்டு மனிதர்’ என்று இழித்துரைத்ததைக் கேட்டிருக்கின்றோம். ஊரிலிருந்து வரும் உறவினருக்கு வேடிக்கை காட்டுவதுபோல் ஜாரவர் வாழும் காட்டுச் சாலையில் அவர்களைக் காட்ட விழைந்தோரும் நம்மிடையே உண்டு. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுக்கின்றது. சட்டம் தடுப்பதற்கு முன் நம் நெஞ்சம் தடுக்க வேண்டும். அவர்களின் உயிரணுவிலும் அதே நான்கு எழுத்து, அதே மூவெழுத்துச் சொல், அதே பொருள். உயர்ந்த சுவடி, தாழ்ந்த சுவடி என்று ஒன்று இல்லை.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அதுவே நம் பொறுப்பை மிகுவிக்கின்றது. நெடுங்காலம் தனித்துச் சிறுகுழுவாக வாழ்ந்தமையால் அவர்களிடையே எழுத்து வேறுபாடு குறைவு. தாய் தந்த சுவடியும் தந்தை தந்த சுவடியும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும். புதுநோயை எதிர்க்கப் பல்வகைப் படைக்கலம் வேண்டும். அவர்களிடம் வகை குறைவு. 2020-இல் கொரோனா நோய் பெரிய அந்தமானியர் சிலரையும் தொற்றியது. மறு ஆண்டில் தங்கராஜும் வாரணாசி அறிஞரும், இத்தகைய தனித்த குடிகளுக்கு அந்நோயால் ஏதம் மிகுதி என்று எச்சரித்தனர். 1877-இன் தட்டம்மை கற்பித்த பாடத்தையே சுவடியும் கற்பிக்கின்றது. நமக்கு இரண்டு நாள் சளி. அவர்களுக்கு ஒரு குலத்தின் முடிவு. விலகி நிற்பதும் சில வேளைகளில் அன்பின் வடிவமே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 44 பேர், ஒங்கேயர் 101 பேர். நம் சங்கத்து விழாப் பந்தலில் அடங்கிவிடும் தொகை இது!

இறுதியாக, தொடக்கத்தில் கூறிய சொல்லை நிறைவேற்றுவோம். 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள், போவா என்னும் மூதாட்டியார் இத்தீவில் மறைந்தார். பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றாகிய ‘போ’ மொழியை அறிந்த கடைசி உயிர் அவர். முதுமையில் தம் மொழியில் உரையாட ஆளின்றி வாழ்ந்த அவரோடு அம்மொழியும் அடங்கிற்று. பெரிய அந்தமானியர் குடி இன்றும் இருக்கின்றது. அவர்தம் முன்னோரின் சுவடி எழுத்து மாறாமல் பிள்ளைகளின் உயிரணுவில் படியெடுக்கப்பட்டு வருகின்றது. ‘போ’ மொழியை மட்டும் எவரும் படியெடுக்கவில்லை.

இதனினும் பெரிய பாடம் புலம்பெயர்ந்த குடிக்கு வேறு எது? நம் முகச்சாயல் நாம் முயலாமலே நம் பேரப்பிள்ளைக்குச் செல்லும். தாய் உறங்கினாலும் உயிரணு உறங்காது படியெடுக்கும். தமிழோ அவ்வாறு செல்லாது. அந்நான்கெழுத்துச் சுவடியில் அகரம் எழுதப்படவில்லை. வீட்டில் வேறு மொழி, தெருவில் வேறு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று ஒரு தலைமுறை விட்டுவிட்டால், அடுத்த தலைமுறையின் குருதியில் தேடினும் தமிழ் கிடைக்காது. அதனைப் படியெடுக்கும் உயிரணு தாயின் மடியே. ரைபோசோம் தந்தையின் உரையாடலே. சுவடிச்சாலை நம் சங்கமே.

ஆதலின், விழா முடிந்து இல்லம் திரும்பியதும் இம்மலரை மடித்து வைத்துவிடாமல், பிள்ளைகளை அருகிருத்தி ஒரு பக்கமேனும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பிழைபடப் படித்தால் திருத்துங்கள். படியெடுக்கும் பணி அவ்வாறுதான் நடைபெறும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க இத்தீவின் முதுகுடி மக்கள்!